கரும்புக் கொல்லை நடுவே கூப்பிட்டேன்

மயிலம் முருகனை நம்பியிருக்கும் உங்களிடம் இதைச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

போன ஐப்பசியில், திருவக்கரைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் சொந்தக்காரப் பெண்ணுக்கு வளைகாப்பு. என் கணவரும் நானும் காரில் போனோம். சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது அவருக்கு நெஞ்சு வலித்தது. வண்டியை ஓரங்கட்டினார். "என்னால முடியல செல்வி, நீ ஓட்டு" என்றார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

நான் புதுச்சேரிக்குள் ஸ்கூட்டியில் சுற்றுகிறவள். காரும் ஓட்டுவேன், ரிவர்ஸ் மட்டும் எனக்கு ஆகாது. அந்தப் பக்கத்துப் பாதைகள் எதுவும் தெரியாது. போன் மேப்பில் புதுச்சேரி கோரிமேட்டு ஆஸ்பத்திரியைப் போட்டேன். அது சொன்ன பக்கமெல்லாம் திருப்பினேன். தார் ரோடு போய் மண் ரோடு வந்தது, அப்புறம் வெறும் வாய்க்கால் கரை. இரண்டு பக்கமும் கரும்பு. எதிரே ஒரு சின்னப் பாலம், கார் அகலத்தில் பாதிகூட இல்லை. போனைப் பார்த்தேன். மேலே பைக் படம். தினமும் ஸ்கூட்டிக்கு வழி பார்க்கிறவள், அதைக் காருக்கு மாற்றவே இல்லை. பாழாய்ப்போன புத்தி!

பின்னால் எடுக்கப் பார்த்தேன். சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. 108க்கு அடித்தேன். "எந்த ஊர்ல இருக்கீங்கம்மா?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. திரையில் ஒரு நீலப் புள்ளி இருந்தது, ஊர்ப் பெயர் இல்லை. இவர் கண்ணை மூடிவிட்டார். கை சில்லிட்டிருந்தது. போனைப் பிடித்தபடியே இறங்கிச் சேற்றில் மண்டியிட்டேன். "முருகா, என் தாலிக்கு நீதான் பொறுப்பு! உன் மலைக்கு நடந்தே வரேன், யாரையாவது அனுப்பு!" என்று கத்தினேன். சாமியிடம் அப்படி யாரும் சண்டை போட்டிருக்க மாட்டார்கள்.

கரும்புக்கு நடுவிலிருந்து மொபெட் சத்தம் கேட்டது. பால் கேன்களோடு ஒருவர் வரப்பு வழியாக வந்து, காருக்கு முன்னால் கரையேறினார். சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகிறவர். என் கையிலிருந்த போனை வாங்கி, ஊர்ப் பெயரைச் சொல்லி, "மெயின் ரோட்டுல பால் சொசைட்டி எதுக்க வந்து நில்லுங்க" என்றார். கேன்களை இறக்கிக் கரையிலேயே வைத்தார். இவரை நடுவில் உட்காரவைத்துப் பின்னால் நான் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே மெயின் ரோடு. ஆம்புலன்ஸும் வந்தது. மாரடைப்பு என்றார்கள். கோரிமேட்டில் அவரைப் பிழைக்கவைத்து என்னிடம் கொடுத்தார்கள்.

பங்குனி உத்திரத்துக்கு மயிலம் மலைக்கு நடந்தே போனேன். இன்றும் இவர் தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். பயம் முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். தெரியாத பாதையில் இப்போது ஊருக்கு ஊர் கண்ணாடியை இறக்கி, இது எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டுதான் போகிறேன். இவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும், அந்தச் சிரிப்பே முருகன் போட்ட பிச்சை.

அந்தப் பால்காரரைத் தேடிப்போய்ப் பார்த்தோம். "அந்தக் கரைப் பக்கம் நான் வர்றதே இல்லம்மா. அன்னிக்குப் பாத்து மாடு கறக்க வுடாம உதைச்சி நேரமாக்கிடுச்சி. சொசைட்டிய மூடிடப் போறாங்கன்னு குறுக்கால வந்தேன்" என்றார். மாட்டை வாய்க்கு வந்தபடி திட்டினாராம். நான் கொட்டகைக்குள் போய் அதன் காலைத் தொட்டுக் கும்பிட்டேன்.

வழி தெரியாமல் நிற்கிறவர்களே, அவனைத் தைரியமாகக் கூப்பிடுங்கள். நான் வாய் திறப்பதற்கு முன்பே அந்த மாடு உதைத்துவிட்டது.