சுற்று எண்ணுகிறவர்

என் வீட்டுக்காரரைப் பற்றி உட்கார்ந்து எழுதும் அளவுக்கு அவர் ஒன்றும் பெரிய மனிதர் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். முன்னால் நின்று சிரித்துக்கொண்டே ஃப்ரேம் எடுத்துக் காட்டுகிறவர்கூட இல்லை. பின்னறையில் ஒரு ஜன்னல், ஒரு முக்காலி, ஒரு சாணைச் சக்கரம், அவ்வளவுதான் அவர் ராஜ்ஜியம். சக்கரத்தின் மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் லென்ஸ் சூடாகி விரிசல் விட்டுவிடும். பத்தொன்பது வருடமாக அந்தத் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். ஜன்னல் வெளிச்சம் அதில் விழுந்து சுவரில் ஆடும். அதைப் பார்ப்பாரா லென்ஸைப் பார்ப்பாரா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் அவர் தேய்த்த லென்ஸ் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

நான் தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவள். எனக்கு எதுவானாலும் படபடவென்று நடக்க வேண்டும். கல்யாணமான புதிதில் ஒருநாள் இவரைக் காணவில்லையே என்று தேடிப் போனால், மனுஷன் எங்கள் கட்டடத்தைத் தாண்டி மூன்றாவது கட்டடத்தில், எங்கள் வீடு இருக்கிற அதே மாடியில், யாரோ ஒருவர் வீட்டு நாற்காலியில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். "நம்ம வீட்டுத் திரைச்சீலைய மாத்தியிருக்கியேன்னு பார்த்தேன்" என்றார் என்னிடம். அந்த வீட்டம்மா நல்லவள், தண்ணீர் கொடுத்து அனுப்பி வைத்தாள். அன்றிலிருந்து சாவி, குடை, பேருந்துச் சீட்டு எதுவானாலும் அவர் கையிலிருந்து வாங்கி நானே வைத்துக்கொண்டேன்.

அப்படிப்பட்டவரை நம்பி ஒரு நீச்சல் கிளப்பே நின்றது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை. அதுதான் கதை.

எங்கள் மகளுக்குச் சின்ன வயதில் இளைப்பு இருந்தது. நீந்தட்டும் என்று டாக்டர் சொன்னதால் எட்டு வயதில் நகராட்சி நீச்சல் குளத்தில் சேர்த்தோம். இருபத்தைந்து மீட்டர், ஆறு தடங்கள், மேலே கண்ணாடிக் கூரை. காலை ஐந்தரைக்கு உள்ளே போனால் தண்ணீர் இன்னும் தூங்குவதுபோல் ஆவி விட்டுக்கொண்டிருக்கும். வெளிச்சம் கூரையிலிருந்து மெல்ல இறங்கி முதலில் சுவரையும், பிறகு தடக்கயிற்றையும், கடைசியில் தண்ணீரையும் தொடும். பிள்ளைகள் இருபத்தாறு பேர். பயிற்சி கொடுக்கிற அம்மாவுக்கு எப்போதும் வாயில் விசில் இருப்பதால் எல்லோருக்கும் அவர் விசில் மிஸ். பெற்றோர் நாங்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து கொட்டாவி விடுவோம். இவர் மட்டும் கொட்டாவி விடாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பதிமூன்று வயதில் மகள் ஆயிரத்தைந்நூறு மீட்டர் நீந்த ஆரம்பித்தாள். யாருக்கும் பிடிக்காத போட்டி அது. போய்த் திரும்பினால் ஒரு சுற்று, அப்படி முப்பது சுற்று, இருபது நிமிடம், பார்க்கிறவர்கள் பாதியில் எழுந்து காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். நீந்துகிற பிள்ளைக்கு எத்தனையாவது சுற்று என்பது மறந்துபோகும். அதனால் எதிர்முனையில் ஒரு ஆள் குனிந்து நிற்க வேண்டும். பிள்ளை அங்கே வந்து திரும்புகிற நேரத்தில் சுற்று எண் போட்ட பலகையைத் தண்ணீருக்குள் விட்டுக் காட்ட வேண்டும். முப்பதாவது முறை எண் கிடையாது, சிவப்புப் பலகை. அதைப் பார்த்தால் கடைசி, இருக்கிற தெம்பையெல்லாம் போட்டு நீந்த வேண்டும். தப்பாகக் காட்டினால் நீந்துகிற பிள்ளை தலையில்தான் விழும், நடுவர்கள் ஒன்றும் செய்ய மாட்டார்கள்.

யார் நிற்பது என்று விசில் மிஸ் கேட்டபோது பெஞ்சே தரையைப் பார்த்தது. இவர் கை தூக்கினார்.

"ஏங்க, உங்களுக்கு நம்ம வீடு எத்தனாவது மாடின்னே நெனப்பிருக்காது. முப்பது வரைக்கும் எண்ணிடுவீங்களா?"

"எண்ண மாட்டேன்மா. நடப்பேன்" என்றார்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. பலகையில் எண் தாள்கள் காலண்டர்போல் வளையத்தில் கோத்திருக்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று புரட்ட வேண்டும். அதை எல்லோரும் செய்துவிடுவார்கள். ஆனால் பத்து நிமிடம் போனபின், இப்போது புரட்டினேனா இல்லையா என்று ஒரு சந்தேகம் வரும் பாருங்கள், அதில்தான் எல்லோரும் விழுவார்கள். இவருக்குச் சந்தேகம் வந்தால் தெருவைப் பார்ப்பாராம். எங்கள் வீட்டிலிருந்து கண்ணாடிக் கடை வரை தெருவின் இடது பக்கத்தில் சரியாக முப்பது கதவுகள். மகள் ஒரு சுற்று வந்தால் இவர் மனதில் ஒரு கதவைத் தாண்டுவார். ஒன்பது, தையற்கடை. பன்னிரண்டு, செருப்புக்கடை. பதிமூன்று, நோட்டுப் புத்தகக் கடை. பதினான்கு, மருந்துக்கடை. முப்பதில் அவருடைய கடை ஷட்டர், சிவப்புப் பலகை. கனவு காண்கிற மனிதர் கனவிலேயே கணக்கை வைத்துக்கொண்டார்.

அடடா, அந்த சீசன் எப்படி ஓடியது. மொத்தம் நான்கு போட்டிகள். பதினோரு வருடமாகக் கீழ்ப் பிரிவிலேயே கிடந்த கிளப் எங்களுடையது. முதல் இரண்டு இடத்தில் முடித்தால் மேல் பிரிவு. முதல் போட்டியில் பத்து வயதுப் பொடிசுகள் தொடர் நீச்சலில் தங்கம் வாங்கிவிட்டு, மேடையில் ஏறத் தெரியாமல் நால்வரும் ஒரே படியில் நின்றார்கள். இரண்டாவதில், தவளை என்று நாங்கள் கூப்பிடுகிற பையன் மார்பு நீச்சலில் கிளப்பின் பழைய சாதனையை உடைத்தான். அவனுக்குப் பதினெட்டு முடியப்போகிறது, இதுதான் அவன் கடைசி சீசன், ஏழு வயதில் வந்தவன். மூன்றாவதில் பெண்கள் அணி எட்டுப் பதக்கம். எங்கள் மகள் இரண்டு முறை ஐந்தாவதாகவும் ஒரு முறை ஆறாவதாகவும் வந்தாள். அவள் அப்பா ஒரு சுற்றுகூடப் பிசகவில்லை. பிள்ளைகள் அவருக்குச் சுற்று மாமா என்று பெயர் வைத்தார்கள். அவரும் அதற்குத் திரும்பிப் பார்த்தார்.

நான் மட்டும், உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மூன்று போட்டியிலும் கைப்பையில் ஒரு தாள் வைத்து ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கோடு போட்டேன். நம்பிக்கை இருந்தால் போட்டிருப்பேனா.

கடைசிப் போட்டி வேறு ஊர்க் குளத்தில். மதியத்திற்கு மேல் எல்லாம் முடிந்து ஆயிரத்தைந்நூறு மட்டும் பாக்கி. விசில் மிஸ் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு மகளிடம் வந்தார்.

"நாலாவதா வா, போதும். மேல போயிடுவோம். அஞ்சாவதுன்னா இன்னும் ஒரு வருஷம் இங்கதான்."

மகள் தலையாட்டினாள். இவர் பலகையை எடுத்துக்கொண்டு எதிர்முனைக்கு நடந்தார்.

ஆறு பேரும் குதித்தார்கள். முதல் ஐந்து நிமிடம் சத்தம், பிறகு ஒரு மயக்கம் வந்து கவிந்தது. அந்த அரங்கிலும் கூரையில் கண்ணாடி. வெயில் சாய்ந்து தண்ணீருக்குள் இறங்கி, அடித்தளத்தில் பொன்நிறக் கோடுகள் நெளிந்தன. மகள் ஐந்தாவது தடத்தில் போனாள், வந்தாள், போனாள். கை மேலே வந்து, விழுந்து, மறுபடி வந்தது. யாரோ தொலைவில் கதவைத் தட்டுவதுபோல் ஒரு சத்தம் மட்டும் இருந்தது. எதிர்முனையில் இவர் முட்டிபோட்டுக் குனிந்திருந்தார். அவர் முகத்திலும் தண்ணீர் வெளிச்சம் ஆடியது. எனக்கே கண் சொக்கியது. இருந்தாலும் கோடு போட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

என் தாளில் பதிமூன்றாவது கோடு விழுந்தது. அவர் தூக்கிய பலகையில் பதினான்கு.

நான்தான் ஒன்று விட்டுவிட்டேனோ? அப்போதுதான் பக்கத்திலிருந்த தவளையின் அம்மா தண்ணீர் பாட்டில் கேட்டாள். அந்த நேரத்தில் விட்டிருப்பேன் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். மகள் ஐந்தாவதாகப் போய்க்கொண்டிருந்தாள். நான்காவதாகப் போன பெண் அரை உடல் முன்னால். இருபது, இருபத்தைந்து. இடைவெளி அப்படியே இருந்தது.

இருபத்தொன்பதாவது கோட்டைப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். இவர் சிவப்புப் பலகையைத் தண்ணீருக்குள் விடுகிறார்.

முதலாவதாகப் போகிறவளுக்குக் கடைசிச் சுற்றென்றால் நடுவர் மணி அடிப்பார். அவளுக்கே இன்னும் அடிக்கவில்லை, ஐந்தாவதாக வருகிற என் மகளுக்குச் சிவப்பா? "பாவி மனுஷா" என்றேன், வாய்விட்டே. எழுந்து நின்றேன். "இன்னொரு சுற்று இருக்குடி" என்று கத்தினேன். அந்த எதிரொலிக் கொட்டகையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மணி அப்போதுதான் அடித்தது, முதல் பெண்ணுக்கு. எதிர்முனையில் இவர் தலை நிமிர்ந்தது. பலகையைப் பார்த்தார், மணி வந்த திசையைப் பார்த்தார். அந்த முகத்தை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. விழித்துக்கொண்ட முகம். கூப்பிடவும் முடியாது, அவள் தலை தண்ணீருக்குள். மகள் சிவப்பைப் பார்த்துவிட்டாள், காலால் தண்ணீரைப் பிளந்துகொண்டு வேகமெடுத்துவிட்டாள். சுவரைத் தொட்டு நின்றுவிட்டால் எல்லாம் போச்சு. முன்னால் போன பெண்ணைப் பாதி வழியில் தாண்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அவள் நிற்கவில்லை. சுவரில் குட்டிக்கரணம் அடித்துத் திரும்பி, அதே வேகத்தில் மறுபடி அப்பாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். அவரிடம் காட்ட வேறு எதுவும் இல்லை. அதே சிவப்புப் பலகையை இரண்டு கையாலும் பிடித்து மறுபடி தண்ணீருக்குள் விட்டார். கடைசி நீளத்தில் அவளுக்குத் தெம்பு தீர்ந்துவிட்டது, கை வளையவே மாட்டேன் என்றது. பின்னால் விழுந்த பெண் நெருங்கி, நெருங்கி, தோளுக்குத் தோள் வந்தாள். ஒரு கை அகலத்தில் எங்கள் மகள் முதலில் தொட்டாள். நான்காவது.

பொடிசுகள் தண்ணீரில் குதித்தார்கள். தவளை முகத்தை மூடிக்கொண்டு அழுதான். விசில் மிஸ் ஓட்டமும் நடையுமாக இவரிடம் வந்தார், நான் அதற்கு முன்பே அங்கே போய்விட்டேன்.

"சார், என்ன மூளை சார் உங்களுக்கு. ஒரு சுற்று முன்னாடியே சிவப்பக் காட்டி வேகத்த ஏத்தி விட்டுட்டீங்களே. எனக்குத் தோணவே இல்ல."

வேறு யாராக இருந்தாலும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் பேர் வாங்கியிருப்பார்கள். இவர் பலகையை மிஸ் கையில் கொடுத்தார்.

"இல்ல மிஸ். தப்பு பண்ணிட்டேன். செருப்புக்கடைக்கும் நோட்டுக்கடைக்கும் நடுவுல இருந்த சுவரப் போன வாரம் இடிச்சு ஒரே கடையாக்கிட்டாங்க. இன்னைக்குக் காலையிலகூட அந்த வழியாத்தான் வந்தேன். செருப்புக்கடையத் தாண்டினதும் மருந்துக்கடை வந்துடுச்சு. பலகையில பதிமூணு இருந்தது. ஒரு தாள் புரட்ட மறந்துட்டோம்னு நெனச்சுப் பதினாலா மாத்திட்டேன். இனிமே வேற யாராவது நிக்கட்டும்."

மிஸ்ஸுக்குச் செருப்புக்கடையும் புரியவில்லை, மருந்துக்கடையும் புரியவில்லை. மகள் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. இவர் அவளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

"நீ நின்னிருந்தா எல்லாம் போயிருக்கும்மா" என்றார்.

"எனக்குத் தெரியும்ப்பா. பன்னெண்டுக்கு அப்புறம் பதினாலு வந்துச்சு. நீங்க எங்கயோ போயிட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தெரிஞ்சுதுல்ல? பின்ன சிவப்பப் பார்த்ததும் எதுக்குடி அப்படி வேகமெடுத்த? மூச்சு முட்டியிருந்தா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற மாதிரி.

"தப்புன்னு தெரியும்மா. ஆனா அங்க குனிஞ்சு நின்னது அப்பாதானே. அவர் போன்னு காட்டினா எப்படிப் போகாம இருக்கிறது?"

இவர் இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காதுமடல் சிவந்து போயிருந்தது. அவர் தப்பு எனக்குத் தெரிந்த அதே நேரத்தில் அவளுக்கும் தெரிந்திருந்தது. நான் எழுந்து நின்று அவரைத் திட்டினேன். அவள் வேகமெடுத்தாள். பத்தொன்பது வருடம் அவரோடு வாழ்ந்தவள் நான்.

விசில் மிஸ் அந்தப் பலகையை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றார். நான் அதை வாங்கி, ஈரத்தை என் துப்பட்டாவில் துடைத்து, முதல் தாளுக்குப் புரட்டி, அவர் கையில் கொடுத்தேன்.

"இந்தாங்க, வச்சுக்கோங்க" என்றேன்.