நம்பர் இல்லை என்று வந்த காலை

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வரும் காலையில் எங்கள் ஷூ கம்பெனியின் செல்போன் அலமாரி அதிர்ந்துகொண்டே இருக்கும். வேலைக்கு வருகிறவர்கள் வாசலில் போனைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கீழ்த்தட்டில் ஒன்று உறுமும்; அது அடங்குவதற்குள் மேல்தட்டில் இன்னொன்று. வீட்டில் தனியாக இருக்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவைக் கூப்பிடுகிறார்கள். பெற்றவர்களோ உள்ளே மிஷின் சத்தத்தில் தலை நிமிராமல் இருக்கிறார்கள். நலத்துறை அதிகாரி என்ற பெயரில் அந்த அலமாரிக்கு அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அன்றைக்கு வேறு வேலை ஓடாது.

டீ மணி அடித்ததும் போனை வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வருவார்கள். பதிவெண்ணும் பிறந்த தேதியும் போட்டு, மார்க்கைப் படித்துச் சொல்லி, எந்தப் பாடத்தில் என்ன, அடுத்து எங்கே சேர்க்கலாம் என்று விளக்குவேன். அதற்காக எனக்குத் தனிச் சம்பளம் கிடையாது. விருப்பப்பட்டுத் தலையில் போட்டுக்கொண்டது. சில வருஷங்களுக்கு முன் அப்படித்தான் கட்டிங் அண்ணன் வந்தார். தோல் வெட்டும் பிரிவில் மூத்தவர் என்பதால் எல்லாருக்கும் அவர் கட்டிங் அண்ணன். சாது. ஆனால் சொன்ன சொல்லை மாற்றுவது மட்டும் அவர் ஜாதகத்திலேயே இல்லை. அதைப் பெரிய குணம் என்று ஊரே கொண்டாடியது. எனக்கு அதில் எப்போதுமே ஒரு பயம் உண்டு.

அவருக்கு ஒரே பெண். கணக்கில் கெட்டி. தினமும் ரயிலில் காட்பாடிக்குப் போய்வந்து டிகிரி படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "பாஸானா படிக்கட்டும் மேடம். பெயிலாயிட்டா ஆவணியில என் தங்கச்சி பையனுக்குக் கட்டிக் குடுத்துடுவேன்" என்று பரீட்சைக்கு முன்பே என்னிடம் சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று அவர் போனில் மகளின் அழைப்புகள் வரிசையாக நின்றன. முதலில் அவளிடம் பேசுங்கள் என்றேன். "அவ அழுதா எனக்குத் தாங்காது மேடம். நீங்க மொதல்ல பாருங்க" என்றார். அவர் சொன்ன எண்ணையும் தேதியையும் போட்டேன். அப்படி ஒரு விவரமே இல்லை என்று வந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் அதே.

"இன்னா மேடம், நம்பர் இல்லியா?"

இது பெயில் என்று அர்த்தமில்லை, பெயிலானாலும் மார்க் வரும், தேதி எங்கேயோ தப்பாக இருக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். "பெத்தவனுக்குத் தேதி தெரியாதா? கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் பொறந்தவ" என்றார். முகம் தோல் மாதிரி இறுகிவிட்டது. அவர் பத்தாவது எழுதியபோது ரிசல்ட் பேப்பரில்தான் வரும். பாஸானவர்கள் நம்பர் மட்டும் இருக்கும். இல்லாத நம்பர் பெயில். இவர் நம்பர் இல்லை. மறுநாளே அவருடைய அப்பா அவரைத் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலைக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். அந்தக் காலையிலிருந்து அந்த மனுஷன் வெளியே வரவே இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வராந்தாவில் நின்று தங்கைக்குப் போன் செய்தார். "நம்பர் இல்லியாம்மா. சொன்ன மாதிரி நீ ஆவ வேண்டியதப் பாரு." வேண்டாம் என்று ஜன்னல் வழியாக நான் கையை ஆட்டினேன், பார்க்கவில்லை. மணி அடித்தது. போனை அலமாரியில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கம்பெனி உதவித்தொகைக்காக அந்தப் பெண்ணின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் நகல் எங்களிடம் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். பிறந்த தேதி ஜூன் ஒன்று. பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் வந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஹெட்மாஸ்டர் போட்டுவிடும் தேதி. அதைப் போட்டதும் ரிசல்ட் வந்தது. எல்லாப் பாடத்திலும் பாஸ். கணக்கில் நூற்றுக்கு இரண்டுதான் குறைவு.

கட்டிங் பிரிவுக்கு ஓடினேன். "இந்த லாட் சரக்கு இன்னிக்குப் போயாவணும் மேடம், சாப்பாட்டுக்கு அனுப்பறேன்" என்று சூப்பர்வைசர் வாசலிலேயே மறித்துவிட்டார். நல்ல சேதிதானே, ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று அவருக்கு நினைப்பு. அலமாரியில் அண்ணனின் போன் விடாமல் உறுமியது. பிறகு நின்றுவிட்டது. அது நின்றதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் மார்க்கைப் பார்த்து அவர் குழந்தை மாதிரி அழுதார். மகளைக் கூப்பிட்டு, "பாஸாயிட்டம்மா!" என்று கத்தினார். ஸ்பீக்கரில் அவள் குரல் நிதானமாக வந்தது.

"தெரியும்பா. காலையிலயே பாத்துட்டேன். அதச் சொல்லத்தான் கூப்ட்டுனே இருந்தேன். அத்த வந்தாங்க. நான் பாஸ்னு சொன்னேன், நம்பல. பூ வெச்சிட்டு இப்பதான் போறாங்க."

எங்கள் பக்கத்தில் பெண் தலையில் பூ வைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. தங்கையிடம் பேசி நிறுத்துங்கள் என்று கெஞ்சினேன். "வாக்குக் குடுத்துட்டேனே மேடம். கூடப் பொறந்தவ ஒறவு அறுந்துடும்." எனக்குக் கோபம் தலைக்கேறியது. கார்த்திகையில் பிறந்தவள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், ஆவணியில் பதினெட்டே ஆகாதே, அது குற்றம், புகார் கொடுப்பேன் என்றேன். அவர் என் மேஜையில் கிடந்த நகலைப் பார்த்தார்.

"இதுல ஜூன்லயே பதினெட்டு முடிஞ்சிடுதே மேடம்" என்றார்.

நான் கண்டுபிடித்துக் காட்டிய தேதி. இருந்தும் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன். வந்தவர்கள் பள்ளிச் சான்றிதழில் இருந்த தேதியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆவணியில் கல்யாணம் நடந்தது. எனக்குப் பத்திரிகை வந்தது, நான் போகவில்லை.

கட்டிங் அண்ணன் இன்னும் இங்கேதான் வேலை செய்கிறார். மகள் அவரிடம் சரியாகப் பேசுவதில்லை என்று கேள்வி. இப்போதெல்லாம் ரிசல்ட் நாளில் டீ மணி அடித்ததும் அவர்தான் முதலில் என் அறை வாசலுக்கு வந்து நிற்கிறார். யாராவது பதிவெண்ணை என்னிடம் நீட்டினால் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

"மேடம் அப்புறம் பாப்பாங்க. மொதல்ல நீ உன் பொண்ணாண்ட பேசு."