முகம் பார்த்தால் முடி கொட்டும்

செஞ்சியில் தலைமுடி கொட்டுவதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உப்புத் தண்ணீர், மலைப்பாறையின் சூடு, எவளோ வைத்த கண். வழுக்கை விழுந்த ஆண்பிள்ளைக்குப் பணம் சேரும் என்பார்கள். எங்கள் தெருவில் அப்படிப் பணம் சேர்ந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பிள்ளை பெற்றவளுக்கு மட்டும் ஒரே காரணம்தான். குழந்தை தாயின் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும். இதை நல்ல சேதியாகவே சொல்வார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு முதல் பெண் பிறந்தாள். பதினோரு நாள் இருந்தாள். பெயர்கூட வைக்கவில்லை. அவள் கண் எப்போதும் வெளிச்சம் வருகிற பக்கமே போகும். என் முகத்தில் ஒருமுறைகூட நிலைத்து நின்றதில்லை. காய்ச்சல் கண்டு போய்விட்டாள். என் கணவர் அவளைத் துண்டில் சுற்றி ஆற்றங்கரைக்குத் தூக்கிப் போனார். பால் கட்டி நெஞ்சு வலித்ததைவிட, என்னை யாரென்று தெரியாமலேயே போய்விட்டாளே என்பதுதான் என்னைத் தின்றது.

பக்கத்து வீட்டுக்காரிக்கும் அதே வாரம்தான் பிரசவம். நான்காம் மாதம் கிணற்றடியில் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, "இன்னா கொட்டு கொட்டுது பாரு! பொண்ணு என் மூஞ்சியப் பாத்து சிரிக்குது இல்ல, அதான்" என்றாள். சொன்ன பிறகுதான் நான் நிற்பதைக் கவனித்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு குடத்தைத் தூக்கினாள்.

அந்த வாரமே எனக்கும் கொட்டத் தொடங்கியது. சீப்பில் கொத்துக் கொத்தாக வந்தது. நான் பயப்படவில்லை. சந்தோஷப்பட்டேன். அவள் எங்கிருந்தோ என்னைப் பார்க்கிறாள், சிரிக்கிறாள், வேறென்ன? அன்றிலிருந்து தினமும் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டேன். அழுத முகத்தைக் குழந்தைக்குக் காட்டுவார்களா? தாழ்வாரத்தில் தனியாக உட்கார்ந்து எதிரே பார்த்துச் சிரித்துக்கூட இருக்கிறேன். பைத்தியம் என்று சொல்லட்டும், எனக்கு அப்போது கவலையில்லை. உதிர்ந்த முடியைச் சுருட்டிக் கூரை இடுக்கில் செருகி வைத்தேன்.

வகிடு அகலமாகிக்கொண்டே போனது. என் மாமியார் கரிசலாங்கண்ணித் தைலம் காய்ச்சித் தேய்த்துப் பார்த்தார். பிறகு மேல்மலையனூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டார்.

"அமாவாசைக்கு பஸ் வுடுறாங்க. போயி மொட்ட போட்டுட்டு வந்துடலாம். மழிச்சா அடர்த்தியா வளரும்" என்றார்.

நான் முடியாது என்றேன். பஸ் ஏறுகிற அன்றும் நகரவில்லை.

"ஆத்தாளுக்குக் குடுக்கக்கூட மனசு வரலியா உனக்கு?"

"மொட்ட போட்டுட்டா அவ என்னப் பாக்குறது எனக்கு எப்படி அத்த தெரியும்?" என்று கத்திவிட்டேன்.

அத்தை கையில் இருந்த பூசைக்கூடையை இறக்கி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். மொட்டைப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை. மறுநாள் காலை வீடு கூட்டும்போது தரையில் கிடந்த என் முடியைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். தினமும் அப்படியே செய்தார்.

சில மாதத்தில் கொட்டுவது நின்றது. நெற்றியோரம் பூனைமயிர்போல் புதுமுடி கிளம்பியது. "மொளைக்குதுடி!" என்று பக்கத்து வீட்டுக்காரி கையைத் தட்டினாள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அன்று முழுக்க அழுதேன். என் பெண் என்னை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஆற்றங்கரைக்குக் கொண்டுபோன நாளில்கூட அப்படி அழவில்லை.

மூன்று வருடம் கழித்து மறுபடி உண்டானேன். முதல் பிரசவத்துக்குப் பிறகு எனக்கு ஏன் முடி கொட்டியது என்று ஆஸ்பத்திரியில் நர்ஸம்மாவிடம் கேட்டேன். அவர் நல்லவர், சிரிக்காமல் பதில் சொன்னார். "வயித்துல புள்ள இருக்கிறப்ப கொட்டாம நின்ன முடிம்மா. பெத்து மூணு நாலு மாசத்துல மொத்தமா கொட்டும். புள்ள இருந்தாலும் கொட்டும், இல்லன்னாலும் கொட்டும். அப்புறம் தானா வளந்துடும். சிரிக்கிறதுக்கும் அதுக்கும் ஒண்ணுமில்ல."

என் பெண் என்னை மறக்கவில்லை என்று ஆறுதல் அடைந்திருக்கலாம். ஆனால் மறப்பதற்கு அவள் முதலில் பார்த்திருக்க வேண்டுமே. வாசலில் காத்திருந்த அத்தை "இன்னா சொன்னாங்க?" என்றார். "நல்லா இருக்குதாம்" என்று மட்டும் சொன்னேன்.

பையன் பிறந்தான். நான்காம் மாதம் என் முகம் பார்த்து வாய் நிறையச் சிரித்தான். முடியும் கொட்டியது. அத்தை வீடு கூட்டும்போது பழையபடி குனிந்து பொறுக்கிச் சுருட்டிக்கொண்டு வந்தார்.

"இந்தா. இதுல பாதி இவன் அக்காளுது" என்றார்.

நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.