ஹாலுக்குள் பார்க்கிங் டைல்

மணவாளக்குறிச்சிப் பக்கம், கடலுக்கு நடந்து போகிற தூரத்தில் இரண்டு அறையுள்ள ஒரு வீடு கட்டினோம். சுவர் எழும்பிற்று, கூரை வார்த்தாயிற்று, எந்தச் சண்டையும் இல்லை. தரைக்கு என்ன போடுவது என்ற பேச்சு வந்ததும்தான் நானும் மனைவியும் ஆளுக்கொரு பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

எனக்குப் பளபளவென்ற வெள்ளை டைல் வேண்டும். காரணம் அற்பமானது, சொல்லிவிடுகிறேன். மனைவியின் தம்பி கல்ஃபில் இருக்கிறான். அவன் கட்டிய வீட்டில் குனிந்தால் தரையில் நம் மீசை தெரியும். என் வீட்டிலும் என் மீசை தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அவளுக்கு வேண்டியது வேறு. முந்தின மழைக்காலத்தில் நாங்கள் இருக்கும் நாகர்கோவில் வீட்டின் வழுவழுத் தரையில் விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். எலும்பு சரியாயிற்று, பயம் போகவில்லை. சொந்த வீட்டிலேயே சுவரைத் தடவித் தடவி நடப்பாள். சூடான பாத்திரம் எதையும் தூக்க மாட்டாள். நான்தான் தூக்க வேண்டும். நான் தூக்கிவரும் சாயாவில் பாதி வழியிலேயே சிந்திவிடும் என்பது வேறு விஷயம்.

"கடல்ல நனைஞ்சு ஈரக்காலோட வருவோம். எனக்கு வழுக்காத தரை வேணும்" என்றாள்.

டைல் கடைக்குப் போன அன்று அவள் ஒரு கட்டைப்பையுடன் வந்தாள். உள்ளே மதியச் சாப்பாடு என்று நினைத்தேன். கடையில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒரு பாட்டில் கடல்தண்ணீர், ஒரு பொட்டலம் கடற்கரை மணல், தேங்காயெண்ணெய், தூக்குவாளியில் முந்தினநாள் வைத்த சாளைமீன் கறி. மீன் வாங்கினால் செவுளைப் பிளந்து பார்க்கிறவள், சேலை வாங்கினால் நூலை உருவிப் பார்க்கிறவள். டைல் மட்டும் தப்புமா?

கடைக்காரர் தூக்குவாளியைப் பார்த்துவிட்டு, "இருந்து சாப்பிட இடம் வேணுமாக்கா?" என்று பணிவாகக் கேட்டார்.

"சாப்பிடதுக்கில்ல தம்பி. டைலுல ஊத்ததுக்காக்கும்."

வெள்ளை டைலில் கொஞ்சம் கறியை ஊற்றித் துடைத்தாள். கறை சுத்தமாகப் போயிற்று. நான் மீசையை முறுக்கினேன். மணலைத் தூவினாள். எங்கள் பக்கத்து மணல் கருஞ்சிவப்பு. வெள்ளையில் எறும்பு மொய்த்ததுபோல் இருந்தது. பிறகு கடல்தண்ணீரையும் எண்ணெயையும் தெளித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"செருப்பைக் கழத்திட்டு நடங்க."

"நான் எதுக்குட்டி?"

"நான் விழுந்தாச்சு. இனி உங்க முறையாக்கும்."

அந்நேரம் பார்த்து மைத்துனன் வீடியோவில் அழைத்தான். அவன் முன்னால் பின்வாங்க முடியுமா? கையில் போனை ஏந்தி, நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். மூன்றாவது டைலில் இரண்டு காலும் என்னைக் கேட்காமல் முன்னால் போய்விட்டன. போகிற போக்கில் தூக்குவாளியையும் தட்டிவிட்டன. மிச்சக் கறி முழுக்க என் வேட்டியில்.

"அத்தான், சீலிங்க எதுக்குக் காட்டுதிய?" என்றது தரையில் கிடந்த போன்.

கடையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. என்னிடம் ஓடி வரப் பார்த்தவள், ஈரத்தைக் கண்டதும் நின்றுவிட்டாள். எட்டடி தள்ளி ஒரு அலமாரியை இறுகப் பிடித்துக்கொண்டு, "எந்திரிங்க, எந்திரிங்க" என்று அழுகிற குரலில் சொன்னாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஒரு மீசைக்காக இவளை இதே தரையில் வாழச் சொன்னேனே என்று அப்போதுதான் உறைத்தது.

"வழுக்காதது எது இருக்கோ, அதக் காட்டும்" என்றேன் கடைக்காரரிடம்.

அவர் காட்டிய எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. கடைவாசலில் சாம்பல் நிறத்தில், கட்டம் கட்டமாக, சொரசொரவென்று ஒன்று கிடந்தது. எண்ணெயும் தண்ணீரும் ஊற்றி அதில் காலைத் தேய்த்தாள். கால் அசையவில்லை.

"இதாக்கும் எனக்கு வேண்டியது."

கடைக்காரர் பதறிப்போனார். "அக்கா, அது பார்க்கிங் டைலு. கார் நிறுத்துற இடத்துக்குள்ளது. ஹால்ல போட்டா ஆளுவ சிரிக்கும்."

"அதுதான் இப்பவே சிரிச்சாச்சே. இதயே எடும்" என்றேன்.

புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு வந்த சொந்தக்காரர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். "ஹால்ல எத்தன வண்டி விடலாம்?" என்றார் ஒருவர். லீவில் வந்திருந்த மைத்துனன் வாசலில் நின்று, "அத்தான், செருப்பக் கழத்தணுமா, கியர மாத்தணுமா?" என்று கேட்டான். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் எரிந்தது. அதற்குள் கடலில் ஆடிவிட்டு வந்த பிள்ளைகள் ஈரக்காலோடு ஓடித் திரிந்ததில் ஹால் முழுக்கத் தண்ணீரும் மணலும்.

அடுப்படியிலிருந்து அவள் வந்தாள். இரண்டு கையிலும் ஆவி பறக்கிற பாயச உருளி. பழக்கதோஷத்தில் நான் பாய்ந்துபோய் வாங்கக் கையை நீட்டினேன்.

"வழியில நிக்காதீங்க, கை சுடுது" என்று தோளால் என்னை ஓரங்கட்டிவிட்டு, அந்த ஈரத்தில் விறுவிறுவென்று நடந்து போனாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் நடந்ததை வேறு யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் பாயசத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.