சவுண்டா, மோடமா?

"உள்ள ரெண்டு பேருக்கு சண்டை சார். அதான் மெஷின் மயக்கம் போடுது" என்றார் பாஸ்கர் - போன வெள்ளிக்கிழமை, என் கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு.

பாஸ்கர் பம்மல்காரர். மேற்குத் தாம்பரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். இதே வியாதிக்கு அவர் வருவது முதல் தடவை இல்லை. முதலில் வந்தபோது, "ஒன்னியும் இல்ல சார், ரேம்தான். வூட்ல ரப்பர் கீதா?" என்று பென்சில் ரப்பரை வாங்கி, ரேமின் பல் வரிசையைத் தேய்த்து மாட்டினார். அவர் கேட்டைத் தாண்டுவதற்குள் திரை முழுக்க நீலமாகி, வெள்ளை எழுத்தில் என்னவோ திட்டிவிட்டு மெஷின் செத்துப்போனது. அடுத்த தடவை, "வோல்டேஜ் சார். இரும்புலியூர் கரண்டு அப்டி" என்று பழியை எங்கள் ஊர் மேல் போட்டார். ஸ்டெபிலைசர் வாங்கினேன். மறுபடியும் நீலத் திரைதான்.

நியாயமாக எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை... பயம்தான் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

என் மனைவி ஸ்டெல்லா நர்ஸ். இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் ஜூன் மாதம் மஸ்கட் போயிருக்கிறாள். வழக்கமாக எங்கள் தெருவில் கணவன்மார்கள் கல்ஃபுக்குப் போவார்கள். மனைவிமார்கள் ஏர்மெயிலுக்குக் காத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் தலைகீழ். வாசலில் நிற்கும் என்னைப் பார்த்தால் போஸ்ட்மேனுக்கே கொஞ்சம் சங்கடம்.

அவள் கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாள், கம்ப்யூட்டரின் மைக் வேலை செய்கிறதா என்று பார்த்தோம். ஏதாவது உருக்கமாகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "ஹலோ... ஹலோ..." என்றாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "ஏங்க, பால் பொங்குது பாருங்க!" என்று கத்தினாள். உருப்படியாகப் பதிவானது அது ஒன்றுதான்.

அவள் போன பிறகு, மெஷின் எழும்போது வருகிற ஓசையாக அதையே வைத்துவிட்டேன். தினமும் காலையில் ஸ்விட்சைப் போட்டுவிட்டு வேறு எதையோ நினைத்துக்கொண்டிருப்பேன். திடீரென்று, "ஏங்க, பால் பொங்குது பாருங்க!" முதல் வாரம் நிஜமாகவே அடுப்படிக்கு ஓடியிருக்கிறேன். சிரிக்காதீர்கள்! ஆள் இல்லாத வீட்டில் "ஏங்க" என்று ஒரு குரல் கூப்பிட்டால், கால் தானாக எழுந்துகொள்கிறது.

வினை, மோடம் ரூபத்தில் வந்தது.

ஐ.எஸ்.டி.யில் பேசினால் இருவருமே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பேசுகிறோம். "நல்லா இருக்கியா?" "நல்லா இருக்கேன், நீங்க?" - அதற்குள் வைத்துவிட வேண்டியிருக்கிறது. அவள் தங்கியிருக்கும் விடுதியில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. நர்ஸ்கள் எல்லாம் முறை வைத்து உட்காருவார்கள். இவளுக்கு அரை மணி நேரம். "நீங்களும் இன்டர்நெட் போட்டுட்டா வாரா வாரம் சாட் பண்ணலாமே" என்றாள். அதற்குப் பிறகு சும்மா இருப்பேனா? பாஸ்கரைக் கூப்பிட்டு, டெலிபோன் லைன் வழியாக இன்டர்நெட்டைக் கொண்டுவரும் மோடம் கார்டு ஒன்றை உள்ளே சொருகச் சொன்னேன்.

மறுநாளே ஆரம்பித்தது. ஸ்விட்சைப் போட்டால், "ஏங்க, பா... பா... பா... பா..." - குரல் அங்கேயே சிக்கிக்கொள்ளும். உடனே நீலத் திரை. அணைத்துப் போட்டால் மறுபடியும் "பா... பா..." ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க முடியாமல் அவள் தவிக்கிற மாதிரி இருக்கும். என்னால் கேட்க முடியாது. ப்ளக்கைப் பிடுங்கிவிடுவேன்.

இப்படியே மூன்று வெள்ளிக்கிழமை போயிற்று. "என் டைம் முடியற வரைக்கும் ஸ்கிரீனையே பாத்துட்டு உக்காந்திருந்தேங்க" என்று போனில் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நாலாவது வெள்ளியையும் விடுவதில்லை என்று ஆபீசில் பெர்மிஷன் போட்டு, மின்சார ரயிலைப் பிடித்து, பாஸ்கரைக் கடையிலிருந்தே கையோடு அழைத்து வந்தேன். அவர் ஒவ்வொரு கார்டாகக் கழற்றிப் பார்த்தார். சவுண்டு கார்டைக் கழற்றினால் மெஷின் சமர்த்தாக எழுந்தது. அதை மாட்டிவிட்டு மோடத்தைக் கழற்றினாலும் எழுந்தது. இரண்டும் சேர்ந்து உள்ளே இருந்தால்தான் வம்பு.

"ரெண்டும் ஒரே லைனைக் கேக்குது சார். குழாயடியில ஒரே நேரத்துல ரெண்டு கொடத்தை வெச்சா இன்னா ஆவும்? அப்டி அட்ச்சிகினு கீதுங்க."

இடம் மாற்றிச் சொருகினார். செட்டிங்ஸை எல்லாம் மாற்றிப் பார்த்தார். பழைய போர்டு, மசியவில்லை. மணி நாலரை. ஸ்டெல்லாவின் முறை நம் நேரத்துக்கு ஐந்து மணிக்கு.

"ரெண்டுல ஒன்னுதான் சார் வெச்சிக்க முடியும். சவுண்டா, மோடமா?"

என்ன கேள்வி பாருங்கள்! குரல் வேண்டுமா, ஆள் வேண்டுமா என்கிறார். அந்த ஆளும் எழுத்தாகத்தான் வருவாள்.

"இன்னா சார் யோசன? குரலை டேப்புல புட்ச்சி வெச்சிக்கினா போச்சு!"

பிடித்து வைக்கலாம்தான். ஆனால் நானாகப் பட்டனை அமுக்கிக் கேட்பது வேறு. ஏதோ வேலையாக இருக்கும்போது அவளாகக் கூப்பிடுவது வேறு. இதைப் பாஸ்கருக்கு எப்படி விளக்குவது? "கடைசியா ஒரு தடவை கேட்டுக்கறேன்" என்று மட்டும் சொன்னேன்.

மோடத்தைக் கழற்றிவிட்டு மெஷினைப் போட்டார். "ஏங்க, பால் பொங்குது பாருங்க!" பாஸ்கர் சட்டென்று அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சவுண்டு கார்டைக் கழற்றி, செய்தித்தாளில் சுற்றி என் கையில் கொடுத்தார். மோடத்தை மாட்டினார்.

"நான் இருந்தா உங்களுக்குக் கூச்சமா இருக்கும் சார். பேசுங்க" என்று கிளம்பிவிட்டார்.

ஐந்து மணி. மோடம் கீச்சிட்டு, கரகரத்து, ஒருவழியாக லைனைப் பிடித்தது. திரையில் ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்று தட்டினேன். நீ இல்லாமல் இந்த வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை என்று சொல்ல நினைத்திருந்தேன். மாதக்கணக்காக மனசுக்குள் எழுதி வைத்திருந்த வரி அது. ஆனால் ஒற்றை விரலால் நான் தட்டியது என்ன தெரியுமா? "இங்க மழை வர மாதிரி இருக்கு."

"மாடியில துணி காயுதா?"

அவ்வளவுதான். நாற்காலியைத் தள்ளிவிட்டு மாடிக்கு ஓடினேன். கல்யாணமான ஆண்களுக்கு இது புரியும். நம் வீடுகளில் யார் "ஐ லவ் யூ" சொல்கிறார்கள்? துணி என்றால் மாடிக்கு ஓடுகிறோம்... அதுதான் நமக்குத் தெரிந்த பாஷை. சொட்டுகள் பெரிது பெரிதாக விழ ஆரம்பித்திருந்தன. கிளிப்பைக்கூட எடுக்காமல் எல்லாவற்றையும் உருவி, தோளில் போட்டுக்கொண்டு, படியில் வழுக்காத குறையாக இறங்கி வந்தேன்.

திரையில் இரண்டு வரிகள் இருந்தன.

"போயிட்டீங்களா?"

"நான் சும்மாதான் கேட்டேன். நனைஞ்சா நனையட்டும், உக்காருங்க."

உட்கார்ந்தேன். மழையில் டெலிபோன் லைன் போயிருந்தது.