நீலப் புள்ளி

எங்கள் பட்டறையில் அவருக்கு 'அளவுக்காரர்' என்று பெயர். பொய்ப்பல் செய்வதில் அப்படியொரு கை. மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே நீலத் தாளை வைத்து அழுத்திப் பார்ப்போம். எங்கே நீலம் அழுந்தப் பதிகிறதோ அங்கே உயரம் அதிகம், அதைத் தேய்த்து ராவிவிட வேண்டும். அவர் ராவியது என்றால் டாக்டர் மறுபடி சரிபார்ப்பதே இல்லை. மனிதர் சிரித்துப் பேச மாட்டார், அது வேறு கதை.

அவர் முதன்முதலில் பல் செய்தது சொந்த அக்காவுக்கு. அத்தான் அறைந்ததில் முன்பற்கள் இரண்டு போயிருந்தன. "படியில விழுந்துட்டேன்டா" என்றாளாம். எந்தப் படி கன்னத்தில் விரல் தடம் வைக்கும்? சில வருடங்களில் அக்கா காய்ச்சலில் செத்துப்போனாள். அதன் பிறகு அவர் அத்தான் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அங்கே அக்கா மகள் ஒருத்தி வளர்கிறாள் என்பதையும் வசதியாக மறந்துபோனார். இதை மட்டும் நான் மன்னிப்பதாக இல்லை.

பிறகொரு நாள் டாக்டரிடமிருந்து ஒரு வாய் அச்சு வந்தது. மேலே ஒட்டியிருந்தது அத்தானின் பெயர். முழுப் பல்செட். எல்லாம் முடித்து நீலத் தாள் வைத்தார். வலது கடைவாயில் ஒரு புள்ளி அழுந்தப் பதிந்தது. ராவாமல் அப்படியே பளபளப்பேற்றி அனுப்பிவிட்டார். இதெல்லாம் ரொம்பப் பின்னால் அவரே என்னிடம் சொன்னது.

பதிலுக்கு ஓர் அறை விட்டிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். இதுவோ ஒவ்வொரு கவளத்துக்கும் தொடர்ந்தது. தட்டின் முன் உட்கார்ந்தாலே அவருக்கு அத்தானின் வாய்தான் கண்ணில் நிற்கும். இந்நேரம் கடித்திருப்பான், இந்நேரம் துடித்திருப்பான். தானும் சேர்ந்து அழுத்திக் கடிப்பார். தூக்கத்திலும் நறநறவென்று கடிப்பதாக அவர் மனைவி புலம்புவாள். அவருடைய கடைவாய்ப் பற்கள்தான் தேய்ந்து கூசத் தொடங்கின. ஊருக்கெல்லாம் பல் செய்தவர் தன் வாயை யாரிடமும் காட்டவில்லை.

அத்தான் செத்த சேதி வந்தபோதும் அவர் போகவில்லை. கொஞ்ச நாளில் அக்கா மகளே வந்தாள். அன்று நானும் அவர் வீட்டில் இருந்தேன். அவளுக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. அக்காவே வந்து நிற்கிற மாதிரி இருந்ததோ என்னவோ, அவர் சட்டென்று எழுந்துவிட்டார்.

"நீங்க செஞ்சதுன்னு டாக்டர் சொன்னாரு மாமா. தூக்கிப் போட மனசு வரல."

துணியைப் பிரித்துப் பல்செட்டை நீட்டினாள். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துளித் தேய்மானம் இல்லை. அவர் ஏற்றிய பளபளப்பு அப்படியே இருந்தது.

"போடவே இல்லையா?"

"ஒரு நாள் போட்டாரு. வலிக்குதுன்னு கழட்டி வச்சவர்தான். பழகிடும்னு டாக்டர் சொன்னாரு, இவரு கேட்டாதானே? அப்புறம் மூணு வேளையும் நான்தான் குழைய வேகவச்சு மசிச்சுக் கொடுப்பேன். நேரம் தப்புனா தட்டு பறக்கும். போயிட்டிருந்த வேலையையும் விட்டுட்டேன். கல்யாணமும் அப்படியே தள்ளிப் போயிடுச்சு. விடுங்க மாமா, முடிஞ்ச கதை."

அவர் மனைவி எங்கள் எல்லோருக்கும் சாப்பாடு போட்டாள். அவர் ஒரு வாய் வைத்தார். கடைவாயில் சுள்ளென்று ஏறியிருக்க வேண்டும், கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா மகள் என்னவென்று கேட்கவில்லை. பழக்கம். அவருடைய தட்டைத் தன் பக்கம் இழுத்து, சோற்றை விரல்களால் மசிக்க ஆரம்பித்தாள்.