டூட்டி பஸ்ஸின் கேசட்டுகள்

"கோயில் பாட்டத் தவிர ஒண்ணும் கேக்காத ஆளு, இங்கிலீஷ் பரீட்சையில காதால கேட்டு எப்பிடிப் பிள்ளே பதில் எழுதப் போற?" என்றார் அக்கா. ஓமானில், சலாலாவில் என்னோடு ஒரே அறையில் இருந்த நர்ஸ், நாகர்கோவில் பக்கத்துக்காரர்.

கேட்டதில் தப்பில்லை. அயர்லாந்து நர்ஸ் வேலைக்கான இங்கிலீஷ் பரீட்சையில் மற்றதெல்லாம் தேறி, கேட்டு எழுதுவதில் மட்டும் தோற்றிருந்தேன். அப்பா கடலுக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தோற்றுப் பழக்கமில்லை.

எங்களை டூட்டிக்கு ஏற்றிப்போகும் ஆஸ்பத்திரி பஸ்ஸின் டிரைவர் கோவாக்காரர். சிடி வந்த பிறகும் கேசட்டை விடாதவர். எல்லாம் அறுபதுகளின் கடைசியில் வந்த இங்கிலீஷ் பாட்டுகள். சிலதில் டிரம்ஸும் எலக்ட்ரிக் கிட்டாரும் அலறும். அக்கா காதைப் பொத்திக்கொள்வார். சிலதில் ஒற்றை கிட்டாரும் இரண்டு குரல்களும் மட்டும். அது கரீஃப் மழைக்காலம். மலையிலிருந்து இறங்கும் பனியில் சாலை எது, வானம் எது என்று தெரியாது. பஸ் அந்தப் பாட்டின்மேல் மிதந்து போவதாகத் தோன்றும்.

அதில் ஒரு பாட்டு வந்தால் துப்பட்டாவை இழுத்து முக்காடு போட்டுக்கொள்வேன். எங்கள் கடற்கரையில் கிட்டார் கேட்கிற ஒரே இடம் மாதா கோயில். அத்தனை மெதுவாக இரண்டு குரல் சேர்ந்தால் அது நற்கருணை வாங்கும் நேரத்துப் பாட்டுதான். முடிந்ததும் சிலுவை போட்டுக்கொள்வேன்.

ஒரு காலை ஒட்டகங்கள் சாலையை மறித்து நின்றன. டிரைவர் எஞ்சினை அணைத்தார். பாட்டு மட்டும் ஓடியது. அந்த வெண்மையில் வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்து என் மடியில் உட்கார்ந்தன. கட்டிக்கொள்வதாகச் சொன்ன பெண்ணை விட்டுவிட்டு, அவளுடைய நாயை மட்டும் கூட்டிக்கொண்டு ஓடிப்போகிறான் ஒருவன்!

"பாய், இது சர்ச் பாட்டு இல்லையா?" என்று இந்தியில் கேட்டேன்.

"சர்ச்சா? இதைப் பாடினதுக்குத்தான் சிஸ்டர், எங்க ஃபாதர் என் காதைத் திருகினார்!"

அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அப்போ இத்தன நாளா அந்தக் கள்ளனுக்கா பிள்ளே சிலுவ போட்ட?"

"ஆமாக்கா. ஆனா ஒரு வரி விடாம புரிஞ்சுது, கேட்டியளா?"

ஒட்டகங்கள் விலகின. நான் கேட்காமலே டிரைவர் கேசட்டைப் பின்னுக்கு ஓட்டி அதே பாட்டை மறுபடி போட்டார். இந்த முறை முக்காடு இல்லை. அக்காவின் தோளில் சாய்ந்து, கண்ணை மூடி, அந்த நாய்க்காகக் கொஞ்சம் கவலைப்பட்டேன்.

அன்று மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில், பரீட்சையை மறுபடி எழுதுவதற்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.